அகற்றும் மண் எங்கே போகும்? கொங்கு வீட்டு வாசல்களில் காரீயம்

கோயம்புத்தூரில் வீடும் பட்டறையும் விலகி நின்று வளரவில்லை. ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு, குறிச்சி என எந்தப் பக்கம் போனாலும் லேத் பட்டறையின் அடுத்த சுவர் ஒரு வீட்டின் சுவராக இருக்கும். பவுண்டரிக்குப் பின்னால் வரிசை வீடுகள் இருக்கும். பம்புசெட்டும் மோட்டாரும் கிரைண்டரும் இந்த நெருக்கத்தில்தான் பிறந்தன. வேலை தெரிந்தவர் பட்டறைக்கு நடந்தே போய்வரும் தூரத்தில் குடியிருந்ததால் இந்த ஊர் தொழில் நகரமானது. அதே நெருக்கத்தால் பட்டறையில் எழும் தூசு குழந்தை தவழும் வாசலிலும், கீரை முளைக்கும் பொடக்காலியிலும் படிகிறது. அந்தத் தூசில் காரீயம் இருந்தால் என்ன செய்வது?

மண்ணை வெட்டி எடுத்துவிட்டுப் புது மண் கொட்டலாம் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் பதில். அமெரிக்கா முதல் நைஜீரியா வரை ஆயிரக்கணக்கான வீட்டு மனைகளில் அதைச் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் வெட்டி எடுத்த காரீயம் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. ஆகவே மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே மண்வெட்டியைத் தொட வேண்டும். காரீயம் வரும் வழி அடைபட்டதா? அகற்றும் மண் எங்கே போகும்? அதன் இடத்தை நிரப்பும் மண் எங்கிருந்து வரும்? கொங்கு மண்டலத்தில் இந்த மூன்றுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்ணில் தங்கும் நஞ்சு

காரீயம் ஒரு தனிமம். பூச்சிமருந்து போல நாளடைவில் சிதைவதில்லை, எரித்தாலும் மறைவதில்லை. களிமண் துகள்களையும் மட்கையும் பற்றிக்கொண்டு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். கோவை வட்டாரத்தின் கரிசல் நிலங்களில் இந்தப் பிடிப்பு இன்னும் வலுவானது. மண்ணியலார் பெரியநாயக்கன்பாளையம் வகை என்று குறிப்பிடும் மண் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது, காரத்தன்மை உடையது. அத்தகைய மண்ணில் காரீயம் எளிதில் கரைந்து கீழே இறங்காது. கிணற்று நீருக்கு அது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் குழந்தையின் கையும் காலும் படும் மேல் சில அங்குலங்களில் நஞ்சு பல தலைமுறைகளுக்கு அப்படியே இருக்கும் என்பதும் அதற்குப் பொருள்.

தவழும் வயதில் குழந்தை கையை வாயில் வைத்தபடியே இருக்கும். பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேர்கிறது. சிறு குழந்தைகளின் குடல் பாதி வரை உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த உடலில் இது மேலும் கூடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆகவே ஒரே வாசலில் விளையாடும் இரண்டு குழந்தைகளில் சத்துக் குறைந்த குழந்தைக்கே கேடு அதிகம்.

காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மூளை வளர்ச்சி, கவனம், கற்கும் திறன் ஆகியவற்றை அது குறைக்கிறது, குறைந்தது மீள்வதில்லை. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என அந்நிறுவனம் 2021-ல் வழிகாட்டியது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகளிடம் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில் சராசரி அளவு 11.4 மைக்ரோகிராம். அளவு கூடக் கூடக் கவனக்குறைவும் அமைதியின்மையும் கூடுவதை அந்த ஆய்வு பதிவு செய்தது. யுனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 80 கோடிக் குழந்தைகள் வரை 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் சுமப்பதாக மதிப்பிட்டது. அதில் சுமார் 27.5 கோடி பேர் இந்தியக் குழந்தைகள்.

வரும் வழிகள்

கொங்கு மண்ணுக்குக் காரீயம் வரும் வழிகள் பல. முதலாவது பழைய பெட்ரோல். 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுவதும் காரீயம் கலந்த பெட்ரோல் நின்றது. அதற்கு முன் அவிநாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் ஓடிய வண்டிகளின் புகையில் இருந்த காரீயம் சாலையோர மண்ணில் படிந்தது. ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மைய ஆய்வாளர்கள் கோவைக் குளங்களின் மாசு நிலையை 2000-லும், நகரக் காற்றுத் துகள்களில் உள்ள கன உலோகங்களை 2004-லும் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள்.

இன்றைய பெரிய வழி பேட்டரி. வண்டி பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயமே. 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் நீடித்த கடும் மின்வெட்டில் கொங்கு வீடுகளிலும் கடைகளிலும் இன்வெர்ட்டர் பரவியது. ஒவ்வொரு இன்வெர்ட்டர் பேட்டரியும் சில ஆண்டுகளில் பழசாகிறது. உரிமம் பெற்ற ஆலைக்குப் போனால் அதன் காரீயம் மீண்டும் பேட்டரியாகும். பழைய இரும்புக் கடை வழியாக மறைவிடத்துக்குப் போனால், ஆசிட்டை நிலத்தில் கொட்டிவிட்டு பிளேட்டைத் திறந்த அடுப்பில் உருக்குவார்கள். அந்தப் புகை ஊர் முழுவதும் படியும். விற்பனையாளர்கள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டும் என 2001 விதிகளே சொல்லின. 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தின.

பவுண்டரிகளையெல்லாம் ஒரே கணக்கில் சேர்ப்பது தவறு. வார்ப்பிரும்பு பவுண்டரியின் கழிவு மணலில் காரீயம் பொதுவாகக் குறைவு. பித்தளை, கன்மெட்டல் உருக்கும் இடத்து மணலில்தான் அதிகம் இருக்க வாய்ப்பு, அந்த உலோகக் கலவைகளிலேயே காரீயம் சேர்ப்பதுண்டு. அந்த மணலை மனை மட்டம் உயர்த்தக் கொட்டினால் வீடு கட்டும் முன்பே வாசல் கெட்டுவிடுகிறது. வெள்ளியைக் காரீயம் சேர்த்துப் புடம் போடும் பட்டறைகள், 2017-க்கு முன் அடித்த எனாமல் பெயிண்ட்டைச் சுரண்டிய இரும்பு கேட், ஜன்னல் ஆகியவையும் சிறிய, ஆனால் வீட்டுக்கு மிக அருகில் உள்ள வழிகள். வீட்டுப் பெயிண்ட்டில் காரீயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கை, தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சுண்ணாம்பு அடித்து வந்த பழைய தொட்டிக்கட்டு வீடுகளுக்குச் சுவர் வழியாக இந்த ஆபத்து இல்லை.

பிற நாடுகள் கண்டது

வீட்டு மண்ணை அகற்றுவதில் நீண்ட அனுபவம் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள பங்கர் ஹில்லுக்கு உண்டு. அங்கே காரீய உருக்காலையின் புகை வடிகட்டி 1973-ல் எரிந்து போனது; ஆலை நிற்கவில்லை. அடுத்த ஆண்டு ஆலைக்கு அருகில் வாழ்ந்த குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருடைய இரத்தத்திலும் 40 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. பின்னர் வீட்டு மனைகளில் ஓரடி ஆழம் வரை மண்ணை எடுத்துப் புது மண் நிரப்பினார்கள். அதோடு விட்டிருந்தால் கதை பாதியில் நின்றிருக்கும். வீட்டை விரிக்கவோ குழாய் பதிக்கவோ யாராவது தோண்டினால் அடியில் உள்ள நஞ்சு மேலே வரும். ஆகவே அந்த வட்டாரச் சுகாதாரத் துறை தோண்டுவதற்கு அனுமதி முறை ஏற்படுத்தி, கெட்ட மண்ணைப் போட இடமும் நல்ல மண்ணும் தந்து வருகிறது.

நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் 2010-ல் நடந்தது இன்னும் கொடியது. தங்கத் தாதுவை வீட்டு முற்றங்களில் அரைத்தார்கள். அந்தத் தாதுவில் காரீயம் இருந்தது. 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். உதவிக்கு வந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, காரீயத்தை இரத்தத்திலிருந்து பிரிக்கும் மருந்தை முற்றம் சுத்தமான குழந்தைகளுக்கே கொடுத்தது. மருந்து முடிந்து அதே மண்ணுக்குத் திரும்பினால் மருந்து வீண். ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று, மண்வெட்டியும் சாக்குமாக முற்றங்களைச் சுரண்டி எடுத்தார்கள். பெரிய இயந்திரம் இல்லாமலும் இந்த வேலை முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

நம் நிலைக்கு மிக நெருக்கமானது வங்கதேசத்தின் கத்கோரா. குடியிருப்புக்குள்ளேயே பழைய பேட்டரி உருக்கிய இடங்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன. மண்ணை அகற்றி, வீடுகளைத் துடைத்து, பாதைக்குத் தளமிட்ட பின் 14 மாதங்களில் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் 22.6-லிருந்து 14.8 மைக்ரோகிராமாகக் குறைந்தது. மூன்றில் ஒரு பங்கு குறைந்தது பெரிய பலன்தான். ஆனாலும் எஞ்சிய 14.8 என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எலும்பில் சேர்ந்த காரீயம் மெல்லத்தான் வெளியேறும். மண் தவிர வேறு வழிகளும் இருக்கலாம்.

கலிபோர்னியாவின் வெர்னானில் 2015-ல் மூடப்பட்ட எக்சைட் பேட்டரி உருக்காலையின் சுற்றுப்புறம் எச்சரிக்கை தருகிறது. நிறுவனம் திவாலாகி விலக, பல ஆயிரம் வீடுகளைச் சுத்தம் செய்யும் செலவு அரசின் தலையில் விழுந்தது. சுத்தம் செய்ததாகக் கணக்கு முடித்த மனைகளிலும் வரம்பை மீறிய காரீயம் இருப்பதைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளிக்கொண்டு வந்தனர். வேலை முடிந்த பின் மீண்டும் அளக்காத இடத்தில் சுத்தம் என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

மூன்று கேள்விகள், கொங்கு விடைகள்

முதல் கேள்வி, வரும் வழி அடைபட்டதா என்பது. தெருக்கோடியில் பேட்டரி உருக்கும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது வாசல் மண்ணை மாற்றினால், புது மண்ணும் சில ஆண்டுகளில் கெடும். எனவே ஒற்றை வீடு தானே முயன்று இதைத் தீர்க்க முடியாது. தெருவை, வார்டை ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மண் எங்கே போகும் என்பது. இரண்டு சென்ட் வாசலை எடுத்துக்கொள்வோம்: ஏறக்குறைய 870 சதுர அடி. ஓரடி ஆழம் வெட்டினால் 8.7 யூனிட் (யூனிட்டுக்கு நூறு கன அடி) மண். எடை 35 டன்னைத் தாண்டும். நூறு வீடு என்றால் 3,500 டன்னுக்கு மேல். இவ்வளவு மண்ணை லாரிக்காரர் எங்கே கொட்டுவார்? கண்காணிப்பு இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே ஒரு குட்டையில், ஓடையோரத்தில், அல்லது இன்னொருவர் மனையை நிரவும் இடத்தில். அங்கே விளையாடும் குழந்தை நம் கணக்கில் வராது. அபாயக் கழிவுகளைப் புதைக்கும் கும்மிடிப்பூண்டி மையம் கோவையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. எல்லா மண்ணும் அங்கே போக வேண்டியதில்லை. கரைசல் சோதனையில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் கசியும் மண்ணை அபாயக் கழிவாகவே நடத்த வேண்டும்; அதற்குக் குறைந்ததை ஊருக்கு அருகிலேயே அடியில் களிமண் தளமும் மேலே மூடாக்கும் போட்டுப் பதிவுடன் புதைக்க வழி செய்யலாம். அந்த இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. கோவையில் அதுவே கடினமானது. நிரப்பும் செம்மண் எங்கிருந்து வரும்? தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல்லுக்காக வெட்டிய செம்மண் குழிகள் ஓடைகளின் போக்கையும் யானைகளின் வழியையும் சிதைத்தன. 180-க்கும் மேற்பட்ட சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. ஒரு வாசலைக் காப்பாற்ற இன்னொரு மலையடிவாரத்தைத் தோண்டுவது நியாயமல்ல. குளத்து வண்டல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் போன்ற நகரக் குளங்களில் பல ஆண்டுகளாகச் சாக்கடையும் கழிவும் கலந்திருக்கின்றன. சோதிக்காமல் அந்த வண்டலைக் கொண்டுவந்தால் ஒரு நஞ்சை எடுத்து இன்னொன்றைப் போட்டதாகும். கிராமத்து ஏரி வண்டல், கட்டடம் கட்ட அடித்தளம் தோண்டும்போது வரும் ஆழ்மண் ஆகியவற்றைச் சோதித்துச் சான்றளித்து நிரப்பு மண்ணாக ஒதுக்குவதே தகுந்த வழி.

வெட்டாமல் முடிவது எவ்வளவு

மண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதே வழியைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பல ஆண்டுகள் வீட்டு மண்ணுக்கு 400 பிபிஎம் என்ற அளவை வைத்திருந்து 2024-ல் 200 ஆகக் குறைத்தது. கலிபோர்னியாவின் அளவு 80. வரம்பு இறங்க இறங்க வெட்ட வேண்டிய மண் பெருகும். ஆகவே எல்லா இடத்துக்கும் மண்வெட்டி என்பது நடக்காத காரியம். ஆயிரக்கணக்கில் பிபிஎம் காட்டும் பேட்டரி உருக்கிய இடமும் அதை ஒட்டிய வாசல்களும் வெட்டியே ஆக வேண்டியவை. நூறுகளில் நிற்கும் இடத்தை மூடிக் காக்கலாம்.

மூடுவதில் பல வகை உண்டு. சிமெண்ட் தளமும் பேவர் கல்லும் நல்ல தடுப்பு. ஆனால் மழைநீர் இறங்க இடம் விடாவிட்டால், நீர்மட்டம் இறங்கிய ஊருக்கு அது வேறு நோய். தொழுவுரமும் மட்கும் கலந்து, அதன் மேல் நல்ல மண் ஓரடிக்குக் குறையாமல் போட்டுப் புல்லோ செடியோ வளர்த்தால் தூசு அடங்கும். பாஸ்பேட் சேர்த்தால் காரீயத்தின் ஒரு பகுதி எளிதில் கரையாத கனிமமாக மாறும். கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் 2011-ல் மீன் எலும்புப் பொடியைக் குடியிருப்பு மண்ணில் கலந்து இதைச் செய்தார்கள். நம் காரமண்ணில் பாஸ்பேட் எளிதில் கரையாது என்பதால் இங்கே அது எவ்வளவு பலன் தரும் என்பதை வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல்களில் சோதித்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். செடி வளர்த்துக் காரீயத்தை உறிஞ்ச வைக்கும் முறை பல்லாண்டுகள் எடுக்கும். வெட்டிய செடியும் நஞ்சுதான். குழந்தை வளரும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது.

சோதனை முடிவு வரும்வரை வீட்டார் செய்யக்கூடியவை சில உண்டு. வாசலைப் பெருக்கிவிட்டுத் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தை மாற்றி, தெளித்துவிட்டுப் பெருக்கினால் தூசு எழாது. பட்டறை உடையையும் செருப்பையும் வாசலிலேயே கழற்றி, குழந்தையின் துணியோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். சாப்பிடும் முன் குழந்தையின் கையைக் கழுவ வேண்டும். சந்தேகமான மண்ணில் கீரை, முள்ளங்கி, கேரட் வேண்டாம். தேங்காய், முருங்கைக்காய் போல உயரத்தில் காய்ப்பவற்றில் ஆபத்து குறைவு. அந்த மண்ணைக் கிளறும் கோழியின் முட்டையிலும் காரீயம் ஏறும்; சிட்னி வீட்டுக் கோழிகளின் முட்டையில் கடை முட்டையைவிடப் பல மடங்கு காரீயம் இருந்ததை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2022-ல் கண்டறிந்தனர்.

சட்டமும் செலவும்

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் ஒரு தமிழ்நாட்டு வழக்குக்கு முக்கியப் பங்கு உண்டு. வேலூர் வட்டாரத் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் அதை நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அதன் பின் அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையத்தின் வழியாகத் திருப்பூர் சாயக் கழிவால் நிலம் கெட்ட நொய்யல் விவசாயிகளுக்கும் இழப்பீடு கிடைத்தது. ஆனால் இழப்பீடு மண்ணைத் திருத்தாது. நொய்யலில் வந்த சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையின் கதை அதை எல்லோருக்கும் காட்டிவிட்டது.

மண்ணைத் திருத்துவது எவ்வளவு இழுக்கும் என்பதற்குக் கொடைக்கானல் சான்று. இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது; பாதரசக் கழிவு 2003-ல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆலை வளாக மண்ணைச் சுத்தம் செய்யும் வேலையோ இருபது ஆண்டுகளுக்கு நீண்டது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பு போதுமா என்பதே அங்கே பெரும் சர்ச்சை. ஒரு நிறுவனம், ஒரு வளாகம், உரிமையாளர் யார் என்பதில் ஐயமில்லை. அப்படியும் இவ்வளவு காலம். நூறு சிறு பட்டறைகளின் தூசு கலந்த தெருவில் யாரைப் பிடிப்பது?

இந்த இடத்தில்தான் 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த மாசடைந்த இடங்களின் மேலாண்மை விதிகள் உதவுகின்றன. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையில் தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும். அவரால் முடியாதபோது மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். மூடிப் போன பட்டறை, முகவரி இல்லாத பேட்டரி அடுப்பு ஆகியவற்றின் பக்கத்தில் வாழும் குடும்பத்துக்கு இந்தக் கடைசி வரிதான் கதவு. ஆனால் பட்டியலில் ஏறாத இடத்துக்கு விதி வந்து சேராது.

செய்ய வேண்டியது

எனவே கோவை மாநகராட்சியும், திருப்பூர், ஈரோடு, சேலம் மாவட்டங்களும் முதலில் செய்ய வேண்டியது அளப்பது. கையடக்க எக்ஸ்ரே கருவியை மண்ணில் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் காரீய அளவு தெரியும். சந்தேகமானவற்றை ஆய்வகத்தில் உறுதி செய்யலாம். பேட்டரிக் கடைகள், பித்தளை வார்ப்பகங்கள், வெள்ளிப் பட்டறைகள் அருகிலுள்ள அங்கன்வாடி முற்றங்களிலிருந்தும் பள்ளி மைதானங்களிலிருந்தும் தொடங்கினால் குழந்தைகள் அதிகம் கூடும் மண் முதலில் காக்கப்படும். அதே தெருக்களில் குழந்தைகளின் இரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும். முடிவுகளை வார்டு வாரியாக வெளியிட வேண்டும். மனை விலை இறங்கும் என்று மறைப்பது, வாங்கி வரும் அடுத்த குடும்பத்தின் குழந்தைக்குச் செய்யும் துரோகம்.

பழைய பேட்டரியை உரிமம் உள்ள ஆலைக்குக் கொடுப்பவருக்கு மறைவிடத்தில் கிடைப்பதைவிட நல்ல விலை கிடைத்தால்தான் அடுப்புகள் அணையும். உருக்கி வாழும் குடும்பங்களுக்கு வேறு பிழைப்பு காட்டாமல் அடுப்பை உடைத்தால், அது அடுத்த ஊரில் எரியும்.

அதன் பின் மண்வெட்டி. நனைத்து வெட்டுதல், தார்ப்பாய் போட்டு மூடிய லாரி, தொழிலாளிக்கு முகக்கவசமும் மாற்று உடையும், வெட்டிய குழியின் அடியில் பின்னாளில் தோண்டுவோரை எச்சரிக்கும் நிறமுள்ள விரிப்பு, சோதித்த நிரப்பு மண், வீட்டுக்குள் ஈரத்துணியால் துடைப்பு, இறுதியில் மறு அளவீடு. இவற்றில் ஒன்றை விட்டாலும் வேலை பாதிதான். லாரி கிளம்பிய வீட்டின் எண்ணும், அது கொட்டிய இடமும் ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை எந்தக் குடிமகனும் கேட்டுப் பார்க்கலாம் என்ற நிலை வந்தால், இந்த நகரம் தன் தொழிலின் கழிவுக்குத் தானே பொறுப்பேற்றுக்கொண்டது என்று சொல்லலாம். தொழில் வளர்த்த ஊருக்கு அந்தப் பொறுப்பை ஏற்கும் அறிவும் கருவியும் ஆள்பலமும் உண்டு. அவற்றைக் குழந்தைகளின் வாசலுக்குத் திருப்ப வேண்டும்.